மதிப்பெண்ணும் ஒரு மரக்காலே



ஜெயமங்கலத்து வயல்களில் விளைந்த நெல்லை நம் முன்னோர் மரக்காலால் அளந்தனர். களத்துக்குக் களம் மரக்கால் மாறினால் சண்டைதான் வரும். ஆனால் ஒருவருடைய திறனை எண்ணால் குறிக்கும்போது, அந்த மரக்கால் சரிதானா என்று சோதிக்க நாம் மறந்துவிடுகிறோம்.

பார்வை குறைந்த ஒரு மாணவியிடம் சில வினாக்கள் கேட்பதாகக் கொள்வோம். கரும்பலகையை வாசிக்க முடிகிறதா? பேருந்தின் எண் தெரிகிறதா? ஊசியில் நூல் கோக்க முடிகிறதா? ‘சிரமமில்லை’ என்றால் 0, ‘சிறிது சிரமம்’ 1, ‘மிகுந்த சிரமம்’ 2, ‘முடியவில்லை’ 3 என்று எண்ணிட்டுக் கூட்டினால் அவள் பார்வைக்கு அளவு கிடைத்துவிடுமா? கிடைக்காது. நூல் கோப்பதும் கரும்பலகை வாசிப்பதும் ஒரே அளவு கடினமானவை அல்ல. ‘சிறிது’ என்பதிலிருந்து ‘மிகுந்த’ என்பதற்கு உள்ள தூரமும் எல்லாப் படிகளிலும் சமமாக இராது.

இதற்கு வழி கண்டவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஜியார்ஜ் ராஷ் (1901–1980). 1960-இல் வெளியான தம் நூலில் அவர் அதை விளக்கினார். ஆளின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே கோலில் குறிக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. இரண்டும் சமமானால் வெற்றி பெறும் வாய்ப்பு பாதி. திறன் ஓர் அலகு மிகுந்தால் அது நூற்றுக்கு ஏறக்குறைய 73. ஓர் அலகு குறைந்தால் 27. அந்த அலகின் பெயர் ‘லாஜிட்’. ‘சிறிது, மிகுந்த’ போன்ற படிநிலைகளுக்கும் இம்முறையை 1978-இல் விரிவாக்கியவர் ஆஸ்திரேலிய அறிஞர் டேவிட் ஆண்ட்ரிச்.

இம்முறையில் வினாவுக்கும் தேர்வு உண்டு. திறன் மிகுந்தவர் தவறி, குறைந்தவர் வெல்லும் வினா ஐயத்துக்குரியது. அதைத் திருத்த வேண்டும் அல்லது நீக்க வேண்டும். பதில் சொல்வோர் வேறுபடுத்திப் பார்க்காத இரண்டு படிகளை ஒன்றாக்க வேண்டும். எல்லா வினாக்களும் மிகக் கடினமானால், கண்ணாடி அணிந்து ஒரு குழந்தை அடைந்த சிறு முன்னேற்றமும் கணக்கில் வராமல் போகும்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. கார் ஓட்டுவது பற்றிக் கேட்கும் மேல்நாட்டு வினாப்பட்டியல் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும்? ஆகவே ஹைதராபாத் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தார், பார்வைக் குறைவுள்ள இந்தியப் பிள்ளைகளின் அன்றாட வாழ்வைக் கொண்டே 19 வினாக்கள் அமைத்தனர். 8 முதல் 18 வயது வரையுள்ள 78 பிள்ளைகளிடம் அவற்றை வாய்மொழியாகக் கேட்டு, ராஷ் முறையில் ஆராய்ந்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

நற்செய்தியில் வரும் ‘தாலந்து’ என்பதும் முதலில் ஓர் எடையின் பெயரே. அவரவர் திறமைக்கு ஏற்ப அதைக் கொடுத்தார் தலைவர். ஆகவே தோழியரே, ஒருத்தியைக் ‘குறைந்தவள்’ என்று சொல்லுமுன், நம் கையிலுள்ள மரக்கால் சரியானதா என்று பார்ப்போம். அளவு நேர்மையாக இருந்தால்தான் தீர்ப்பும் நேர்மையாக இருக்கும்.