நால்வர் இசைத்த இரவு

1938ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இரவு, நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பென்னி குட்மன் குழுவினரின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. மேலைச் செவ்வியல் இசைக்குப் பெயர்பெற்ற அவ்வரங்கில், இர்விங் பெர்லின், ஜார்ஜ் கெர்ஷ்வின் போன்றோர் மெட்டமைத்த, மக்கள் நாவில் வழங்கிய பாடல்கள் ஒலித்தன.

வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் இணைந்து இசைப்பது அரிதாயிருந்த காலம் அது. அன்றோ, குட்மன் கிளாரினெட்டையும் ஜீன் குருப்பா டிரம்ஸையும் இசைக்க, கறுப்பினக் கலைஞர்களான டெடி வில்சன் பியானோவையும் லயனல் ஹாம்ப்டன் வைப்ரபோனையும் இசைத்தனர். ஜாஸ் இசையில் கலைஞர்கள் மேடையிலேயே புதிது புனைவர். ஒருவர் வாசிப்பை மற்றவர் கூர்ந்து கேட்டாலன்றி அது கைகூடாது. நிறத்தால் பிரிக்கப்பட்டோரை அன்று ஒன்றாக்கியது, மதித்துச் செவிமடுக்கும் அப்பண்பே. அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 1950இல் இசைத்தட்டாக வெளிவந்தது.