வளைவில் சக்கரம் வழுக்காதிருக்க

மோட்டார்ப் பந்தயத்தில் எஞ்சினின் ஆற்றலே வெற்றியை முடிவு செய்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் எஞ்சின் எவ்வளவு ஆற்றல் தந்தாலும், அது டயரின் வழியே தரையை அடைந்தால்தான் கார் முன்னேறும். ஆற்றலை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிப்பது டிபரன்ஷியல் எனப்படும் வேறுபாட்டுப் பற்சக்கர அமைப்பு. அது பகிரும் முறையில் ஒரு குறை உண்டு. அக்குறையைப் போக்கும் அமைப்புகள் பல. அவற்றுள் எதை எந்தப் பந்தயத்திற்குத் தேர்ந்தெடுப்பது? பள்ளியில் நீங்கள் கற்ற உராய்வும் திருப்புவிசையுமே இதற்கு விடை சொல்லும்.

டிபரன்ஷியல் எதற்கு?

கார் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. இரண்டிற்கும் இடையே 1.4 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். கார் ஒரு முழு வட்டம் சுற்றினால் வெளிச்சக்கரம் 2π × 1.4, அதாவது ஏறத்தாழ 8.8 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இந்த வேறுபாடு மாறாது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்தால் ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்தே தீரும். காரும் எளிதில் திரும்பாது. நேரே செல்லவே முற்படும்.

இதற்குத் தீர்வாக 1820-களின் இறுதியில் பிரான்சு நாட்டின் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்கென டிபரன்ஷியலை அமைத்தார். இன்றைய கார்களிலும் அடிப்படை அதுவே. பின் அச்சின் நடுவில் ஒரு கூடு சுழல்கிறது. கூட்டினுள் இருக்கும் சிறு பினியன்கள், இரு அரை அச்சுகளின் பற்சக்கரங்களையும் ஒரே நேரத்தில் தள்ளுகின்றன. பினியனைத் தராசுக் கோலாகக் கருதுங்கள். நடுவில் தூக்கினால் இரு முனைகளிலும் சம விசைதானே இருக்கும்? அதுபோல இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலலாம். ஆனால் அவை பெறும் திருப்புவிசை எப்போதும் சமமே.

குறை இங்கேதான் இருக்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மிகக் குறைந்த திருப்புவிசையையே ஏற்கும். உறுதியான தரையில் உள்ள மற்றச் சக்கரத்திற்கும் அதே குறைந்த அளவுதான் கிடைக்கும். சேற்று வயலில் உழும் டிராக்டரில் ஓட்டுநர் ஒரு மிதியை அழுத்தி இரு சக்கரங்களையும் பூட்டுவது இதனால்தான்.

ஒரு கணக்கு

பந்தயக் காருக்குச் சேறு தேவையில்லை, வளைவே போதும். 1000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 மடங்கு பக்கவாட்டு முடுக்கத்துடன் திரும்புகிறது என்க. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.45 மீட்டர் உயரத்தில் உள்ளது. உட்புறத்திலிருந்து வெளிப்புறத்திற்கு மாறும் சுமை

1000 × 0.8 × 0.45 ÷ 1.4 = 257 கிலோகிராம் எடை.

இதில் பாதியைப் பின்சக்கரங்கள் ஏற்பதாகக் கொண்டால், நேர்ச்சாலையில் தலா 250 கிலோகிராம் தாங்கிய பின்சக்கரங்களில் உட்சக்கரத்தில் சுமார் 120-உம் வெளிச்சக்கரத்தில் சுமார் 380-உம் இருக்கும்.

டயரின் உராய்வை மாதச் சம்பளத்திற்கு ஒப்பிடலாம். வளைவில் திரும்புவதற்குச் செலவிட்டது போக மீதியே காரை முன்னே தள்ளக் கிடைக்கும். அந்த மீதி, சுமையில் 0.4 பங்கு என்று கொள்வோம். உட்சக்கரம் 48, வெளிச்சக்கரம் 152 கிலோகிராம் எடை அளவுக்குத் தள்ள இயலும். சாதாரண டிபரன்ஷியல் இரண்டிற்கும் 48-ஐயே தருவதால் மொத்தம் 96 மட்டுமே. முழுதும் பூட்டினால் 200 கிடைக்கும். ஆனால் கார் திரும்ப மறுக்கும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல். பந்தயக்காரர்கள் இதனை எல்.எஸ்.டி. என்று சுருக்கமாக அழைப்பார்கள். 1935-இல் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் காருக்காக, பெர்டினாண்ட் போர்ஷே இத்தகைய அமைப்பை இசட்.எப். நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றார்.

மூன்று வகைகள்

முதலாவது தட்டு வகை. இதில் மோட்டார் சைக்கிள் கிளட்சைப் போன்ற தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். பினியன் அச்சின் முனை ஆப்பு வடிவக் காடியில் பொருந்தியிருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் அம்முனை காடியின் சரிவில் ஏறித் தட்டுகளை நெருக்கும். முடுக்கும்போது மட்டும் நெருக்குவது ஒரு வழி. வேகம் குறைக்கும்போதும் அதே அளவு நெருக்குவது இரு வழி. அப்போது சற்றுக் குறைவாக நெருக்குவது ஒன்றரை வழி. இவை தவிர, ஸ்பிரிங் மூலம் தட்டுகளில் எப்போதும் ஓரளவு முன்னழுத்தமும் வைக்கலாம்.

இரண்டாவது பற்சக்கர வகை. இதில் புகழ்பெற்றது டார்சென். அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் 1958-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மாண்டலினின் முறுக்காணியைத் திருகினால் கம்பி இறுகுகிறது. ஆனால் கம்பி இழுத்து முறுக்காணி சுழல்வதில்லை. திருகுப் பற்களின் இந்த உராய்வே டார்செனில் பயன்படுகிறது. வலுவற்ற சக்கரம் பெறுவதைப் போல் குறிப்பிட்ட மடங்கு திருப்புவிசையை வலுவான சக்கரம் பெறும். அந்த மடங்கு 2.5 எனில், நம் கணக்கில் 48 + 120 = 168.

மூன்றாவது பாகுநிலை வகை. சிலிக்கோன் திரவத்தில் தட்டுகள் சுழலும். வேக வேறுபாடு தோன்றிய பின்னரே திரவம் தடுக்கும் என்பதால் இது சற்றுத் தாமதமாகவே செயற்படும்.

எதற்கு எது?

ஆட்டோகிராஸ் என்பது அமெரிக்காவில் பரவலாக நடைபெறும் போட்டி. பெரிய கார் நிறுத்துமிடத்தில் கூம்புகளை வைத்துப் பாதை அமைப்பார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வளைவுகள் குறுகியவை, திசை அடிக்கடி மாறும். எனவே கார் தாராளமாகத் திரும்ப வேண்டும். உடனே முடுக்கவும் வேண்டும். பற்சக்கர வகையோ, முன்னழுத்தம் குறைந்த ஒரு வழி அல்லது ஒன்றரை வழித் தட்டு வகையோ இதற்கு ஏற்றது. ஆனால் உட்சக்கரம் தரையைவிட்டு எழும் காராயின் டார்சென் கைவிடும். சுழியத்தை 2.5-ஆல் பெருக்கினாலும் சுழியந்தானே! அங்கே முன்னழுத்தமுள்ள தட்டு வகையே உதவும்.

பந்தயத் தடத்தில் நிலைமை வேறு. அதிக வேகத்திலிருந்து பிரேக் போடும்போது காரின் பின்புறம் அலையாதிருக்க, ஒன்றரை வழி அல்லது இரு வழித் தட்டு வகை துணை செய்யும். ஆயினும் நெடுநேர ஓட்டத்தில் தட்டுகள் சூடாகித் தேயும். எண்ணெயையும் தட்டுகளையும் மாற்ற நேரிடும். தேயும் தட்டுகள் இல்லாத பற்சக்கர வகை நெடுங்காலம் உழைக்கும். 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5 கார், அமெரிக்காவில் முதலில் பாகுநிலை வகையுடனும், 1994 மாடல் முதல் டார்செனுடனும் கிடைத்தது. முன்சக்கர இயக்கக் கார்களில் கடுமையான தட்டு வகை ஸ்டியரிங்கைக் கையிலிருந்து இழுக்கும். அங்கும் பற்சக்கர வகையே பலரின் தேர்வு.

எச்சரிக்கை

அப்படியானால் மிக இறுக்கமான அமைப்பே சிறந்ததா? இல்லை. பின்சக்கர இயக்கக் காரில் சாதாரண டிபரன்ஷியல் இருக்கும்போது உட்சக்கரம் மட்டுமே வழுக்கும். வெளிச்சக்கரம் பக்கவாட்டுப் பிடிப்பை இழக்காமல் காரைக் காக்கும். இறுக்கமான எல்.எஸ்.டி.யில் இரு சக்கரங்களும் ஒன்றாக வழுக்கக்கூடும். அப்போது பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விட, கார் பம்பரம் போல் சுழன்றுவிடும். மழையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பிடிப்பை எல்.எஸ்.டி. உண்டாக்குவதில்லை, இருக்கும் பிடிப்பை முழுதும் பயன்படுத்தவே அது வழி செய்கிறது. ஆகவே முதலில் நல்ல டயர், அடுத்துச் சரியான சஸ்பென்ஷன், அதன்பின் டிபரன்ஷியல் என்பதே அறிவார்ந்த வரிசை.

சிந்திக்க

1. நம் கணக்கில் பக்கவாட்டு முடுக்கம் 0.8-க்குப் பதிலாக 0.4 மடங்கு எனில், இரு பின்சக்கரங்களின் சுமைகள் எவ்வளவு? அப்போது 2.5 மடங்கு டார்சென் போதுமா?

2. உட்சக்கரம் தரையைவிட்டு எழுந்த டார்சென் காரில், ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கையும் இலேசாக அழுத்தினால் கார் முன்னேறுகிறது. ஏன்? ஒவ்வொரு பின்சக்கரத்திலும் பிரேக் 20 அலகு தடை தருவதாகக் கொண்டு கணக்கிடுங்கள்.