ஃபேஸ்புக் பிறந்த கதையில் எது நிஜம், எது சினிமா?

கேள்வி: ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். காதலி விட்டுப்போன கோபத்தில்தான் மார்க் ஸக்கர்பெர்க் ஃபேஸ்புக்கை ஆரம்பித்தாரா? பணம் போட்ட நண்பரையே நிஜமாகக் கழற்றிவிட்டாரா? கூடப் படித்த இரண்டு பேருடன் சேர்ந்து நானும் ஒரு செயலி நிறுவனம் தொடங்கும் முயற்சியில் இருக்கிறேன். படம் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

பதில்: முதல் கேள்விக்குப் பதில், இல்லை. தொடக்கக் காட்சியில் மார்க்கிடம் சண்டை போட்டு உறவை முறிக்கும் எரிகா ஆல்பிரைட், திரைக்கதாசிரியர் ஆரன் சோர்க்கின் உருவாக்கிய பாத்திரம். பின்னாளில் மார்க் மணந்த பிரிசில்லா சான் அவருக்கு அறிமுகமானது 2003-லேயே. படத்தில் அவர் தலைகாட்டவே இல்லை.

ஆனால் படம் தொடங்கும் அந்த இரவின் மீதிக் கதை பொய்யல்ல. 2003 அக்டோபர் கடைசியில், ஹார்வர்டு விடுதிகளின் இணையப் பக்கங்களிலிருந்து மாணவர்களின் படங்களை அனுமதியின்றி எடுத்து, இரண்டிரண்டாக நிறுத்தி, யார் அழகு என்று ஓட்டுப்போடச் சொல்லும் ‘ஃபேஸ்மாஷ்’ தளத்தை மார்க் செய்தார். சுமார் 450 பேர் 22,000 முறை ஓட்டுப் போட்டார்கள். நிர்வாகம் விசாரித்தது; மார்க் மாணவர் அமைப்புகளிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றிரவு அவர் தன் இணைய நாட்குறிப்பில் எழுதியவற்றைப் படம் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

படம் தவறு செய்வது அடுத்த படியில். ஃபேஸ்மாஷையும் ஃபேஸ்புக்கையும் அது ஒரே கோபத்தின் இரண்டு வெளிப்பாடுகளாகக் காட்டுகிறது. 2004 பிப்ரவரி 4 அன்று ‘தஃபேஸ்புக்’ வெளிவந்த சில நாட்களில் மார்க் மாணவர் பத்திரிகையான ‘தி ஹார்வர்டு கிரிம்ஸன்’ நிருபரிடம் சொன்ன காரணம் வேறு. எல்லா மாணவர்களுக்கும் பொதுவான இணையப் படப் பட்டியல் ஒன்றைப் பல்கலைக்கழகம் செய்து முடிக்க ஓரிரு ஆண்டுகள் ஆகும், தன்னால் அதை ஒரே வாரத்தில் முடிக்க முடியும் என்றார். காதல் தோல்வியை விட இந்த அவசரம்தான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. ஆனால் ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆசையாகத் தட்டிக்கொண்டிருப்பதை வைத்து இரண்டு மணி நேரப் படம் எடுக்க முடியாது.

படம் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். பென் மெஸ்ரிச் 2009-இல் எழுதிய ‘தி ஆக்ஸிடென்டல் பில்லியனர்ஸ்’தான் மூலம். மார்க் அவரிடம் பேச மறுத்துவிட்டார். முக்கியமாகத் தகவல் தந்தவர் நீங்கள் கேட்கும் அந்த நண்பர், எடுவார்டோ சாவரின். சோர்க்கின் இந்த நிலைமையைத் திறமையாகப் பயன்படுத்தினார். வழக்கறிஞர்கள் சூழ்ந்த மேசையில் இரண்டு வாக்குமூலங்கள் நடக்க, அங்கே சொல்லப்படுவதுதான் கதையாக விரிகிறது. ஆகவே நாம் பார்ப்பது பெரிதும் குற்றம் சாட்டியவர்கள் சொன்ன மார்க்கை. இந்தக் கட்டமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் அவருக்குச் சரியாகவே கிடைத்தது.

இனி சாவரின். அவர் பங்கு 34 சதவீதத்திலிருந்து 0.03-க்கு இறக்கப்பட்டதாகப் படம் சொல்கிறது. அவர் ஆத்திரத்தில் லேப்டாப்பைத் தூக்கி அடித்து உடைக்கும் காட்சியை யாரும் மறக்க முடியாது. அப்படி எதுவும் செய்யவில்லை என்று சாவரின் பிற்பாடு ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். பங்கு குறைக்கப்பட்டது உண்மை. ஆனால் பத்து சதவீதத்துக்குக் கீழே போனதே தவிர, படத்தில் வருவதுபோலத் துடைத்து எடுக்கப்படவில்லை.

அது நடந்த விதம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் 100 பங்குகள் இருக்கின்றன, உங்களுடையவை 34 என்று வையுங்கள். புதிதாக 300 பங்குகளை வெளியிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டால், உங்கள் கையில் அதே 34 பங்குகள் இருக்கும். ஆனால் 400-இல் 34, அதாவது எட்டரை சதவீதம். யாரும் உங்களிடமிருந்து ஒரு பங்கைக்கூடப் பிடுங்கவில்லை. நீங்கள் போட்ட கையெழுத்து அதற்கு வழிவிட்டிருக்கும். ஃபேஸ்புக் புதிய நிறுவனமாக மாற்றப்பட்டபோது சாவரின் காகிதங்களில் கையெழுத்திட்டார். பின்னர் 2005 தொடக்கத்தில் வெளியான புதுப் பங்குகள் மற்றவர்களுக்குப் போயின.

மறுபக்கமும் உண்டு. 2004 கோடையில் மற்றவர்கள் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இரவு பகலாக வேலை செய்ய, சாவரின் நியூயார்க்கில் இருந்தார். சண்டை முற்றி, நிறுவனத்தின் வங்கிக் கணக்கை முடக்கினார். இரண்டு பக்கமும் தவறு இருந்தது, ஆனால் சாவரினிடம் சொல்லாமல் அவர் பங்கைக் குறைத்த தவறு பெரியது என்பது என் கருத்து. இரு தரப்புக்கும் இடையே நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. இணை நிறுவனர் என்ற பெயர் சாவரினுக்குத் திரும்பக் கிடைத்தது. 2012-இல் ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வந்தபோது அவர் பெரும் கோடீஸ்வரர்.

தங்கள் யோசனையை மார்க் திருடிவிட்டதாக விங்கிள்வாஸ் இரட்டையரும் திவ்யா நரேந்திராவும் தொடுத்த வழக்கும் நிஜம். 2008-இல் பணமும் பங்குமாக 6.5 கோடி டாலர் சமரசம். அவர்கள் ஹார்வர்டு தலைவர் லாரி சம்மர்ஸிடம் முறையிடப் போய், அவர் கண்டுகொள்ளாமல் அனுப்பியதும் நிஜம்தான். படம் அநியாயமாக ஓரங்கட்டியது மற்ற இணை நிறுவனர்களான டஸ்டின் மொஸ்கோவிட்ஸையும் கிறிஸ் ஹியூஸையும். நிறுவனத்தைக் கட்டியதில் அவர்களுக்கு உண்மையான பங்குண்டு.

2010-இல் படம் வந்தபோது மார்க் தன் ஊழியர்களைத் தியேட்டருக்கு அழைத்துப்போனார். தான் போட்ட சட்டைகளையெல்லாம் சரியாகக் காட்டியிருக்கிறார்கள், தான் ஏன் ஃபேஸ்புக்கைச் செய்தார் என்பதைத்தான் தவறாகக் காட்டியிருக்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

உங்கள் நண்பர்களைச் சந்தேகப்படாதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து படத்தை இன்னொரு முறை பாருங்கள். பிறகு மூன்று விஷயங்களை எழுதிக் கையெழுத்திடுங்கள்: யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் பாதியில் விலகினால் அது என்னவாகும், புதுப் பங்கு வெளியிட யாருடைய சம்மதம் வேண்டும். பங்கை முதல் நாளே மொத்தமாகக் கொடுக்காமல், நான்கு ஆண்டுகள் வேலை செய்யச் செய்யச் சேரும்படி வைப்பது அமெரிக்க நிறுவனங்களில் வழக்கம், அதையும் யோசியுங்கள். ஒரு நல்ல கம்பெனி வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.