டயாலிசிஸ்: மிஷின் பார்க்காததை யார் பார்ப்பது?

கேள்வி: அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆரம்பத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வந்தோம். இப்போது ஊருக்குப் பக்கத்திலேயே பார்க்கிறோம். விடியற்காலையில் போய் நின்றாலும், "மிஷின் இன்னும் ரெடியாகல" என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். அப்படி என்னதான் செய்கிறார்கள்? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? கேட்டால் தப்பாக நினைப்பார்களா?
- வாசகி, திண்டிவனம்

பதில்: அந்தக் காத்திருப்பு உங்கள் அப்பாவுக்காகத்தான். ஆன் செய்ததும் மிஷின் முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அழுத்தம் சரியாகக் காட்டுகிறதா, ரத்தம் கசிந்தால் தெரியுமா, காற்றுக்குமிழி வந்தால் கிளாம்ப் குழாயை இறுக்குமா என்று பார்த்து முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்கு விடும். டயாலிசிஸ் திரவத்தின் உப்பு அளவைக் காட்டும் 'கண்டக்டிவிட்டி' 14ஐ ஒட்டியும், வெப்பம் 36, 37 டிகிரி செல்சியஸிலும் நிற்க வேண்டும். உப்பு மிகவும் குறைந்தாலோ, சூடு மிகவும் ஏறினாலோ ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதனால்தான் திரையில் தெரியும் எண்ணைத் தனி மீட்டரிலும் ஒத்துப்பார்ப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் மிஷினுக்குத் தெரியாதவை மூன்று உண்டு.

முதலாவது, தண்ணீரில் கலந்திருப்பது. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ரத்தத்தை வடிகட்டும் டயலைசருக்குள் ஓடுகிறது. அதிலிருந்து ரத்தத்தைப் பிரித்து நிற்பது மெல்லிய சவ்வு ஒன்றுதான். தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமைனை ஆர்.ஓ. முழுதாகத் தடுக்காது, அதற்கு முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர்தான் தடுக்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் சோதித்து, மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டவில்லை என்று நோட்டில் எழுத வேண்டும். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகர டயாலிசிஸ் மையத்தில், லாரியில் வந்த அணைத் தண்ணீரில் இருந்த பாசி நச்சு 50க்கும் மேற்பட்ட நோயாளிகளின் உயிரைக் குடித்தது.

இரண்டாவது, கிருமிநாசினி மிச்சம். மிஷினையோ, மறுமுறை பயன்படுத்தும் டயலைசரையோ கழுவிய மருந்து துளியும் தங்கவில்லை என்று டெஸ்ட் ஸ்டிரிப் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆள் மாறாட்டம். டயலைசர் லேபிளில் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மிஷின் ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். "சிஸ்டர், தண்ணி டெஸ்ட் பார்த்தாச்சா?" என்று தன்மையாகக் கேட்டால் போதும். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் நோட்டையே எடுத்துக் காட்டுவார்கள்.

கேள்வி: டயாலிசிஸ் ஓடும்போது மிஷின் அடிக்கடி அலாரம் அடிக்கிறது. மிஷின் பழுதா? கரண்ட் போனால் என்ன ஆகும்?
- வாசகர், விழுப்புரம்

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. கையை மடக்கினாலோ, குழாய் முறுக்கிக்கொண்டாலோ அழுத்தம் மாறி அலாரம் வரும். ஊசி கழன்றாலும், குழாயில் காற்று நுழைந்தாலும் அதே சத்தம்தான். ஆகவே சத்தத்தை நிறுத்த நீங்கள் பட்டனை அழுத்தாதீர்கள். டெக்னீஷியன் காரணத்தைப் பார்க்கட்டும்; ஊசி போட்ட கை போர்வைக்கு வெளியே தெரியும்படி இருக்கட்டும். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பேட்டரி ரத்த பம்பைச் சில நிமிடங்கள் ஓட்டும். அதுவும் நின்றால் கைப்பிடியால் சுற்றி ரத்தத்தை உடலுக்குத் திருப்பலாம். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று சேரும்போதே விசாரித்துவிடுங்கள். சிகிச்சையின்போது நெஞ்சு இறுக்கம், திடீர் முதுகுவலி, மூச்சுத்திணறல், நடுக்கம் எது வந்தாலும் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள்.