சர்ஜனுக்கு எதிரே உள்ள நாற்காலி யாருக்கு?

ராயபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது 64. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்ததில் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு. "பைபாஸ் பண்றதுதான் நல்லது. சர்ஜனைப் போய்ப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார் இதய டாக்டர்.

சர்ஜனைப் பார்க்கப் போகிற அன்று ஒரு பட்டாளமே கிளம்புகிறது. மகன், மருமகன், சித்தப்பா, 'விஷயம் தெரிந்த' எதிர்வீட்டுக்காரர். நால்வரும் உள்ளே. பெரியவர்? வெளியே பெஞ்சில், மடியில் ஃபைலோடு கூட இல்லை. ஃபைலும் உள்ளே போய்விட்டது!

உள்ளே மகன் மெதுவாகச் சொல்கிறார்: "டாக்டர், அப்பாவுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். சின்ன அடைப்பு, சின்ன ட்ரீட்மென்ட்டுனு சொல்லி வெச்சிருக்கோம். கையெழுத்து நான் போட்டுடறேன்."

பாசம்தான். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பாசம் எத்தனை ஆபத்தானது என்பதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் பார்க்கப் போகிறோம்.

பெஞ்சில் இருப்பவருக்கு மட்டுமே தெரிந்தது

பைபாஸ் என்றால் அடைபட்ட இடத்தைத் தாண்டி ரத்தம் போக ஒரு மாற்றுப் பாதை போடுவது. பாதைக்கான குழாயை வெளியிலிருந்து வாங்க முடியாது. உங்கள் உடம்பிலிருந்தேதான் எடுக்க வேண்டும். நெஞ்சு எலும்புக்குப் பின்னால் ஓடும் ஒரு தமனி, காலில் உள்ள நீளமான சிரை, சில சமயம் முன்கைத் தமனி. இவைதான் சர்ஜனின் கையிருப்பு.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெரியவருக்கு இருபது வருஷத்துக்கு முன்னால் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு ஆபரேஷன் ஆகியிருக்கலாம். மகன் அப்போது பள்ளிக்கூடத்தில். அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? ஆஞ்சியோகிராம் எந்த மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள் என்பதும் முக்கியம். அந்தக் கைத் தமனியை எடுக்க சர்ஜன்கள் பெரும்பாலும் தயங்குவார்கள். பெண்கள், மார்பகப் புற்றுநோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அப்புறம் நுரையீரல். சென்னைத் துறைமுகத்தில் 2011 வரை நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் அது எண்ணூர்ப் பக்கம் போயிற்று. அந்தத் தூசியில் வருஷக்கணக்கில் நின்றவர், அனல் மின் நிலையத்திலோ உரத் தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவர், இவர்களெல்லாம் "நான் இன்ன இடத்தில் இத்தனை வருஷம்" என்று சர்ஜனிடம் தாங்களாகவே சொல்லிவிட வேண்டும். தேவையென்றால் ஊதச் சொல்லி நுரையீரலை முன்கூட்டியே சோதிப்பார்கள். ஆபரேஷன் முடிந்து வென்டிலேட்டரிலிருந்து வெளியே வருவது நுரையீரலையும் பொறுத்தது.

பீடி விஷயம் தனி. வீட்டில் "விட்டு அஞ்சு வருஷமாச்சு" என்று சொல்லியிருப்பார். தெருமுனைக் கடைக்காரரைக் கேட்டால் வேறு கதை வரும்! மகன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் உண்மையைச் சொல்ல மாட்டார். அதனால் ஐந்து நிமிஷமாவது அவரும் டாக்டரும் தனியாகப் பேச விடுங்கள். குடிப்பழக்கமும் அப்படியே. தினமும் குடிப்பவர் அதை மறைத்துவிட்டால், ஆபரேஷனுக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ திடீரென்று கை நடுங்கி, பிதற்றி, டியூபைப் பிடுங்க ஆரம்பிப்பார். முன்பே தெரிந்திருந்தால் டாக்டர்கள் அதற்குத் தயாராக இருப்பார்கள்.

மாத்திரைகளைச் சீட்டாகக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பையில் அட்டையோடு அள்ளிக்கொண்டு போங்கள். நாட்டு மருந்து, சூரணம், லேகியம், யாரோ சொன்ன பூண்டு மாத்திரை உள்பட. ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை, அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் சுமார் 5 நாள் முன்பு நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். சர்க்கரைக்கான டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். "எதை, என்னிக்கு நிறுத்தணும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கையெழுத்து யாருடையது?

சட்டமும் பெஞ்சில் இருப்பவர் பக்கம்தான். 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. டெல்லியில் ஒரு பெண்ணுக்குப் பரிசோதனைக்காக என்று மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது கோர்ட். சுயநினைவும் தெளிவும் உள்ள வயது வந்தவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் சம்மதமாகாது. சிகிச்சை எப்படிப்பட்டது, எதற்காக, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

"சொன்னா பயந்துடுவாரே!" என்பீர்கள். சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும். வீட்டில் திடீரென்று எல்லாரும் தன்னிடம் அன்பாகப் பேச ஆரம்பித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நெஞ்சில் தழும்போடு கண்விழிக்கும்போது தெரிவதைவிட, முன்னாலேயே தெரிவது எவ்வளவோ மேல்.

பயத்துக்கு ஒரு பதில் வடசென்னையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ரெனே ஃபவலோரோ என்ற சர்ஜன் கால் சிரையைக் கொண்டு பைபாஸ் செய்யத் தொடங்கியது 1967-ல். எட்டே வருஷத்தில், 1975-ல், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸைச் செய்தார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அன்று அதிசயமாகப் பேசப்பட்ட ஆபரேஷன் இன்று எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அன்றாட வேலை.

அப்படியானால் என்ன கேட்பது?

முதல் கேள்வி இதுதான்: "இந்த ஆபரேஷன் என் ஆயுளைக் கூட்டவா, வலியைக் குறைக்கவா?" பலரும் இதைக் கேட்பதே இல்லை. இரண்டும் ஒன்றல்ல. நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களை வைத்து நடந்த 'இஸ்கீமியா' என்ற பெரிய ஆய்வு 2020-ல் வெளியானது. ஸ்டென்ட்டோ பைபாஸோ உடனே செய்தவர்களுக்கும் முதலில் மருந்தோடு இருந்தவர்களுக்கும் அந்த ஆய்வுக் காலத்தில் மரண விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வலி மட்டும் முன்னவர்களுக்கு நன்றாகக் குறைந்தது. ஆனால் இடது முக்கியத் தமனியில் அடைப்பு உள்ளவர்களையும், இதயத்தின் பம்பிங் மிகக் குறைந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு அதைக் காட்டி "மாத்திரையே போதும்" என்று முடிவு கட்டக்கூடாது. நம் ராயபுரத்துப் பெரியவர் போல சர்க்கரையும், பல குழாய்களில் அடைப்பும் சேர்ந்தவர்களுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸ் மேல் என்று 2012-ல் வந்த 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியது. "நான் இதில் எந்த வகை?" என்று கேளுங்கள். நல்ல சர்ஜன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். ஆஞ்சியோகிராம் படத்தைப் போட்டே காட்டுவார். கோபப்பட்டால் இன்னொரு சர்ஜனிடம் அபிப்பிராயம் கேட்பதில் தப்பே இல்லை. ஆஞ்சியோகிராம் சி.டி.யின் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

"ரிஸ்க் எவ்வளவு?" என்பதற்கு, "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். வயது, கிட்னி, சர்க்கரை, பம்பிங் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்ல முறைகள் இருக்கின்றன. "என்னை மாதிரி நூறு பேருக்குச் செஞ்சா எத்தனை பேருக்குச் சிக்கல் வரும்? பக்கவாதம் வர எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டால் எண்ணாகப் பதில் வரும். "நீங்களே செய்வீங்களா, உங்க டீம்ல வேற யாராவதா?" என்பதையும் கூச்சப்படாமல் கேட்கலாம்.

பணம், ரத்தம் எத்தனை யூனிட், காப்பீட்டு அனுமதி - இதையெல்லாம் சர்ஜனிடம் கேட்டு அவர் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அதற்கு ஆஸ்பத்திரியில் தனியாக ஆள் உண்டு. மருமகனை அங்கே அனுப்புங்கள்.

ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம். பெரிய டாக்டரிடம் சில நிமிஷம்தான் கிடைக்கும். அங்கே கேள்விகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போவது நல்லது. மூன்று கேள்வி போதும். மிச்சத்தை வார்டில் ரவுண்ட்ஸ் வரும் இளம் டாக்டர்களிடம் கேட்கலாம். அவர்களிடம் பொறுமையும் அதிகம், பேச்சுத் தமிழும் அதிகம்!

வால்வு என்றால் இன்னும் முக்கியம்

பைபாஸில் 'எதைத் தேர்ந்தெடுப்பது' என்பதைப் பெரும்பாலும் சர்ஜன் முடிவு செய்வார். வால்வு மாற்றும் ஆபரேஷனில் அப்படியில்லை. அங்கே உங்கள் பிழைப்பே கணக்கில் வருகிறது.

சிறுவயதில் தொண்டைப்புண்ணுக்குப் பின்னால் வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதய வால்வைக் கெடுத்துவிடும். நெருக்கமான குடியிருப்புகளில் இது அதிகம். காசிமேட்டில் விசைப்படகில் போகிற நாற்பது வயதுக்காரருக்கு வால்வு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோக வால்வு என்றால் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து அளவைச் சரிபார்க்க வேண்டும். பல நாள் கடலில் தங்குகிறவர் எங்கே போய் ரத்தம் கொடுப்பார்? தூண்டில் முள்ளோ கத்தியோ ஆழமாகக் கிழித்தால் ரத்தம் நிற்காதே? திசு வால்வு என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்து, இன்னொரு ஆபரேஷன் வரலாம். வயது குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரமே தேயும்.

குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்கும் இதே சிக்கல். வார்ஃபரின் வகை மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது. "எனக்கு இன்னும் குழந்தை இல்லை டாக்டர்" என்ற ஒரு வாக்கியம் எந்த வால்வு என்பதையே மாற்றிவிடலாம். மாமியார் எதிரில் அவர் அதைச் சொல்லத் தயங்கினால் என்ன செய்வது? "மாற்றாமல், இருக்கிற வால்வையே சரிசெய்ய முடியுமா?" என்றும் கேட்கவேண்டும். முடிகிறவர்களுக்கு அது பல நேரம் நல்லது.

வால்வு ஆபரேஷனுக்கு முன் பல் டாக்டரையும் பார்க்கச் சொல்வார்கள். நெஞ்சுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அலட்சியம் வேண்டாம். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய்த் தங்கிவிடும்.

கண்விழிக்கும்போது

ஐ.சி.யூ.வில் கண்விழிக்கும்போது வாயில் மூச்சுக்குழாய் இருக்கும். பேச வராது. நெஞ்சிலிருந்து வடிகுழாய்கள் தொங்கும். முன்பே தெரிந்தவர், "சரி, ஆபரேஷன் முடிஞ்சுது" என்று நினைத்துக்கொள்வார். தெரியாதவர், ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று துடிப்பார். அதனால் இதைச் சர்ஜன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வயதானவர்களுக்கு ஓரிரு நாள் குழப்பம் வரலாம், பெயர் மாற்றிக் கூப்பிடலாம். பார்க்கப் போகிறவர்களும் தெரிந்து வைத்திருந்தால் அங்கே நின்று அழ மாட்டார்கள்.

பெண்களிடம் இன்னொன்று. தாலி, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் சொல்லித் தெரிந்தால் வீடே கலங்கிப்போகும். முதல் சந்திப்பிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, வீட்டில் சாமி முன்னால் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்கள் நிம்மதியாக வருகிறார்கள்.

வெட்டிச் சேர்த்த நெஞ்சு எலும்பு ஒட்ட ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது. "எப்ப வேலைக்குப் போகலாம்?" என்று கேட்கும்போது என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள். சேலை மடித்துக் கொடுப்பதும் கன்டெய்னர் யார்டில் சங்கிலி இழுப்பதும் ஒன்றா?

நாள் பார்ப்பது நம் வழக்கம். அமாவாசை, அஷ்டமி, ராகு காலம்... அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் பல சர்ஜன்கள் சிரித்துக்கொண்டே தேதியை மாற்றித் தருவார்கள். "எத்தனை நாள் தள்ளலாம்?" என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். இடது முக்கியத் தமனி அடைப்பு என்றால் பஞ்சாங்கத்தை மூடி வைப்பதே உத்தமம்.

அப்படிக் காத்திருக்கிற நாட்களில், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்கக்கூடாது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, அந்த எண்ணையும் 108-ஐயும் காலண்டர் அட்டையில் எழுதி, பெரியவர் படுக்கிற கட்டிலுக்கு நேரே மாட்டி வையுங்கள்.