கோவை கண்ட நாப்கின் இயந்திரம்

பஞ்சாலைகளாலும் பம்புசெட்டுகளாலும் பெயர் பெற்றது நம் கோவை மாநகர். வெட் கிரைண்டரும் இங்கேதான் தோன்றியது. இவ்வூர்ப் பட்டறையில் பிறந்த மற்றோர் இயந்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "இதையெல்லாம் மலரில் போடுவார்களா?" என்று தோழியர் வாயைப் பொத்திக்கொண்டனர். அந்த வெட்கமும் இக்கட்டுரையின் பொருளே.

கைத்தறி நெசவாளரின் மகனான அருணாச்சலம் முருகானந்தம், தந்தையை விபத்தில் இழந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். 1998-இல் மணமானபின், மனைவி மாதவிலக்கு நாட்களில் பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். கடையில் நாப்கின் வாங்கினால் வீட்டில் பால் செலவைக் குறைக்க வேண்டும் என்றார் மனைவி. பஞ்சுக்குப் பஞ்சமில்லாத ஊராயிற்றே, தாமே செய்துவிடலாமென எண்ணினார். செய்தார், பயன்படவில்லை.

ஏன் பயன்படவில்லை என்று சொல்ல வேண்டியவர்கள் பெண்கள். மனைவியும் சகோதரிகளும் வாய் திறக்க மறுத்தனர். மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் நாப்கினும் கேள்வித்தாளும் கொடுத்தார். ஒரு சிலரே எல்லாருக்குமாகச் சேர்த்து விடை எழுதிக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டார்! மருத்துவம் படிப்பவர்களே இப்படியென்றால் நம்மைக் கேட்பானேன்? ஆயினும் அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. கேட்டவர் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் விடைகள் வேறாக இருந்திருக்கலாம். முடிவில் அவர் ஆட்டு இரத்தம் நிரப்பிய பந்துப் பையைக் கட்டிக்கொண்டு தம்மீதே சோதித்துப் பார்த்தார். ஊரார் பைத்தியம் என்றனர். மனைவியும் சில காலம் பிரிந்திருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேடிய பின்பே, நாப்கினுக்குள் இருப்பது பருத்திப் பஞ்சன்று, மரக்கூழிலிருந்து பெறும் செல்லுலோஸ் என்று அறிந்தார். அதைச் செய்யும் வெளிநாட்டு இயந்திரத்தின் விலையோ கோடிக்கணக்கில். அவர் அமைத்தது எளிது: மிக்ஸி போன்ற ஒன்று கட்டியைப் பஞ்சாக உதிர்க்கும், மற்றொன்று அழுத்தி வடிவாக்கும், பின் உறை சுற்றி, புறஊதாக் கதிரால் கிருமி நீக்குவர். கிராமப் பெண்கள் தாமே கற்று, தாமே பராமரிக்கும்படி வேண்டுமென்றே எளிதாக அமைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. 2016-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இயந்திரத்தைப் பெருநிறுவனங்களுக்கு விற்காமல், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார். குழுவினர் தங்களுக்குப் பிடித்த பெயரையே பாக்கெட்டுக்கு வைத்துக்கொண்டனர். கடைக்காரரிடம் கேட்க நாணும் பெண், பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிக்கொள்ளலாம். தடிமன் போதவில்லை என்றால் செய்தவரிடமே சொல்லியும் விடலாம்.