கூந்தல் தைலத்திற்குக் கரிசலாங்கண்ணி

நெல் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் களையாகப் பிடுங்கி எறியப்படும் கரிசலாங்கண்ணி, கூந்தல் தைலம் காய்ச்சுவோருக்கு முக்கியமான மூலப்பொருளாகும். முடி உதிர்தலுக்கும் இளநரைக்கும் சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

பலன் எவ்வளவு?

இச்செடியில் வெடலோலாக்டோன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. 2008-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இச்செடியின் சாரத்தை வெள்ளெலிகளின் தோலில் தடவியபோது முடி வளர்ச்சி தூண்டப்பட்டது. எனினும், எலியில் கண்ட பலன் மனிதருக்கும் அப்படியே கிட்டும் என்று கொள்ளலாகாது. பரம்பரை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, கடும் காய்ச்சல் எனப் பல காரணங்களால் முடி உதிரலாம். ஆகவே "வழுக்கையில் முடி முளைக்கும்" என்று சொல்லி இலையை விற்பது முறையன்று.

எந்தச் செடி?

தைலத்திற்குப் பெரும்பாலும் கேட்கப்படுவது வெள்ளைப் பூ பூக்கும் இனம். இதன் இலையைக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கறுத்துவிடும். மஞ்சள் பூ பூப்பது வேறு செடி. இரண்டையும் கலந்தால் சரக்கு தள்ளுபடியாக நேரிடும்.

சாகுபடி

ஈரம் காக்கும் நிலம் ஏற்றது. விதை முளைக்க வெளிச்சம் தேவை. எனவே விதையை ஆழப் புதைக்காமல், மணலுடன் கலந்து நாற்றங்காலில் மேலாகத் தூவி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். தண்டின் கணுக்களில் வேர் விடுவதால் தண்டுத் துண்டுகளையும் நடலாம். பூக்கும் தருணத்தில் அறுவடை செய்து, மண் போகக் கழுவி, நிழலில் பரப்பி, அடிக்கடி புரட்டி உலர்த்த வேண்டும். ஈரத்துடன் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

களைக்கொல்லி, பூச்சிமருந்து தெளித்த வயலிலும் சாக்கடை ஓரத்திலும் வளர்ந்த செடியைச் சேகரிக்கக் கூடாது. நச்சுப் பொருள்கள் இலையில் தங்கக்கூடும்.

விற்பனை

இச்செடியில் நீர் மிகுதி. காய்ந்ததும் எடை வெகுவாகக் குறைந்துவிடும். ஆதலால் பேசும் விலை பச்சை எடைக்கா, உலர்ந்த எடைக்கா என்பதை முன்னதாகவே எழுத்தில் பெறுவது அவசியம். வாங்குபவர் உறுதியாகும் முன் நெல் நிலத்தை இதற்கு மாற்ற வேண்டாம். முதலில் சில சென்ட் நிலத்தில் பயிரிட்டு, கூலியும் உலர்த்தும் செலவும் போக மிஞ்சுவதைக் கணக்கிட்ட பிறகு பரப்பைக் கூட்டுவதே சிறு விவசாயிகளுக்கு நலம்.